கெடுதி கேட்டு வந்தவன்

"இந்தப் பக்கம் ஒரு மான் வந்துச்சா?"

விடிந்தும் விடியாத ஆறேகால் மணி.
சோலார் வேலியை நான் இன்னும் நிறுத்தவில்லை.
டிக், டிக் என்று அது
எங்கள் இருவருக்கும் நடுவே எண்ணிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.
பத்தாம் வகுப்பில், பண்ணைக்காட்டுப் பள்ளியில்
ஜெசிந்தா டீச்சர் சொல்லித் தந்தது:
தினைக்காவல் இருப்பவளிடம் வந்து ஒருவன்
அம்பு தைத்த மானைக் கண்டாயா என்று கேட்டால்
மானும் பொய், அம்பும் பொய்,
பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு.
கெடுதி வினாதல் என்று அதற்குப் பேர்.
நான்கு மதிப்பெண் கேள்வி.

இவன் கையில் வில் இருந்தது.
கறுப்பு வில். இரண்டு முனையிலும் சக்கரம்,
தையல் மிஷினைப் பிரித்துப் போட்டதுபோல்.
நெற்றியில் விளக்கு. பக்கத்து எஸ்டேட் விருந்தாளி.
என் முகத்தை அவன் பார்க்கவேயில்லை;
என் காலடிப் புல்லைப் பார்த்தான்.

"வயித்துல பட்டுருச்சு. என் தப்புதான்.
அப்படியே விட்டா நாள் முழுக்கக் கிடந்து துடிக்கும்.
கேட்டைத் திறங்க, அஞ்சே நிமிஷம்,
முடிச்சுட்டு வந்துடறேன்."
பிறகு, ஐயாயிரம் என்றான்.

அவன் சொன்னதில் பாதி சரி.
அந்தப் பாதிதான் என்னைத் தூங்க விடுவதில்லை.

ஐந்தரைக்கே நான் அவளைப் பார்த்திருந்தேன்.
ஓடை புகுகிற இடத்தில் வேலி கிடையாது,
அது வழியாக வந்திருக்கிறாள்.
சர்வே கல்லின் வெள்ளைப் பெயிண்டில் ஒரு சொட்டு.
அடுத்தது பன்னிரண்டு அடி தள்ளிக் காப்பி இலையில்,
சிவப்பில் பச்சை கலந்து, மென்ற புல்லின் வாடையோடு.
பல்பர் தொட்டிக்குப் பின்னால் படுத்திருந்தாள்,
பெண் கடமான். விலாவுக்குப் பின்னே
கிளிப்பச்சை இறகு வைத்த அம்பு
மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது.

முதலாளிக்குப் போன் போட்டேன், மதுரைக்கு.
"யாரையும் உள்ள விடாத. நம்ம நிலத்துல
ரத்தம்னா கேஸு நம்ம மேல."
எப்போதிலிருந்து நம்ம நிலம் என்று
நான் கேட்கவில்லை.

அவனிடம் சொன்னேன்: "வரல."

ஒரு சொல்.
தினைப்புனத்துப் பெண்ணும் அதைத்தான் சொல்வாள்,
வேறு அர்த்தத்தில்.

வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றான்.
கம்பியில் கைவைக்கப் போய், எடுத்துக்கொண்டான்.
அழுதான் என்றுகூடச் சொல்லலாம்;
மார்கழிப் பனியாகவும் இருக்கலாம்.

வனத்துறை ஜீப் வர மணி பத்தரை.
மாட்டு டாக்டர் கீழேயிருந்து கிளம்பவே இல்லை.
அதுவரை தொட்டியருகே உட்கார்ந்திருந்தேன்.
தண்ணீர் வைத்தேன், குடிக்கவில்லை.
பழம் பறிக்க வந்தவர்களை அந்தப் பக்கம் விடவில்லை.
ஒன்பதுக்கு எழுந்தாள்.
வந்த வழியே திரும்பி நடந்தாள்.
ஓடையில், முன்கால் அந்தக் கரை
பின்கால் இந்தக் கரை என்று விழுந்தாள்.
பத்துக்குக் கண் நின்றது.

கார்டு வேம்புலி டேப் பிடித்து அளந்தார்.
தலை அவர்கள் சர்வே எண்ணில்.
அம்பு எங்கள் எண்ணில்.
"அப்ப இது யாரு மானு?" என்றான் கூட வந்த பையன்.
"கவர்மெண்டு மானு."
யாரும் சமைத்துவிடாதபடி
மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள்.
அம்பைச் செய்தித்தாளில் சுற்றி
அரக்கு வைத்தார்கள்.

"யாராச்சும் கேட்டு வந்தாங்களா?"
வந்தான், என்றேன். வில்லைச் சொன்னேன்,
விளக்கைச் சொன்னேன், ஐயாயிரத்தையும் சொன்னேன்.
நான் என்ன பதில் சொன்னேன் என்று
அவர் கேட்கவில்லை.
ஆறேகாலிலிருந்து பத்துவரை எத்தனை ஐந்து நிமிடம் என்று
நானும் அவரிடம் சொல்லவில்லை.

சாயந்தரம் சுவிட்சைப் போட்டேன். டிக்.
சர்வே கல்லைக் கழுவிவிடச் சொல்லி
மதுரையிலிருந்து போன்.
தேங்காய்நார் போட்டுத் தேய்த்தேன்.
ரத்தம் போய்விட்டது.
எண்ணும் கொஞ்சம் போய்விட்டது.